சிங்கப்பூர் ஆற்றில் பதினெட்டாம் பெருக்கு

சிங்கப்பூர்
14.7.73

அன்புள்ள உங்களுக்கு,

தாமதமாகத்தான் எழுதுகிறேன். கப்பல் இறங்கி ஒன்பது நாள் ஆகிறது. முதல் நான்கு நாள் தரை ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த ஐந்து நாள் உங்கள் மேல் கோபம். தரை நின்றுவிட்டது.

அப்பாவின் கால் பரவாயில்லை. கிடங்கில் மூட்டை சரிந்து விழுந்த இடத்தில் கட்டு அவிழ்த்துவிட்டார்கள், கம்பு ஊன்றி நடக்கிறார். ஆறு மாதத்துக்குக் கப்பல் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால்தான் என்னை வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினார் என்பது உங்களுக்கே தெரியும். எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். நான் பி.ஏ. படித்ததெல்லாம் இந்தக் கால் நின்று சம்பாதித்ததில். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றது அவ்வளவு பெரிய குற்றமா?

ஊரில் மனைப்பட்டா போராட்டம் நடக்கும்போது தலைவர் மனைவி கப்பல் ஏறினால் சங்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். சரி, கேட்டது கேட்டீர்கள். நாகப்பட்டினம் துறைமுகத்துக்குத் தாலுகா ஆபீஸ் மறியலிலிருந்து நேராக ஓடி வந்தீர்கள், சங்கு ஊதிய பிறகு. கையில் அந்த அட்டையை வேறு வைத்துக்கொண்டு. 'வெளியேற மாட்டோம்' என்று சிவப்பு மையில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்து, "பிடிச்சிருந்தா அங்கேயே இருந்துக்க" என்று கத்திய மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். என் பக்கத்தில் நின்ற கூத்தாநல்லூர்ப் பாய் ஒருவர், "யாரும்மா அது, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம். அப்பாவுக்குத் தெரிந்த தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை வேலை காலியாக இருக்கிறதாம். சரித்திரம் படித்த பெண்தான் வேண்டுமாம். அப்பா என்னிடம் வற்புறுத்தவில்லை. காலுக்குப் பயிற்சி என்று தினமும் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகவே நடக்கிறார், அவ்வளவுதான். குழந்தையைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் திரும்பும் டிக்கெட்டில் தேதி போடவில்லை. நீங்கள் 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் ஆகஸ்ட் கடைசிக் கப்பலில் இடம் போடுவேன். ஒரு எழுத்து, ஒரு கால். அதை எழுத மை அதிகம் ஆகாது.

கயல்விழி எப்படி இருக்கிறாள்? பாஸ்போர்ட்டில் அவள் பெயரைச் சேர்க்க மூன்று மாதம் ஆகும் என்று சொன்ன அந்த குமாஸ்தாவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இரண்டு வயதுப் பிள்ளை, என்னைத் தேடுகிறாளா? தேடினாலும் எழுதுங்கள், தேடாவிட்டாலும் எழுதுங்கள், இரண்டுக்கும் நான் அழத்தான் போகிறேன். கிணற்று மேல் பலகை போட்டிருக்கிறதா, வாய்க்கால் பக்கம் தனியாக விடாதீர்கள், கொட்டைப்பாக்கு டப்பாவை அத்தை கீழே வைத்துவிடுவார் எட்டாத இடத்தில் வையுங்கள், புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வாள் ஏற்கெனவே ஒரு தடவை போட்டாள், இருமல் வந்தால் கூட்டம் முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இப்படிக்கு,
செவ்வந்தி


கீழ்வேளூர் அஞ்சல்
23.7.73

துணைவி செவ்வந்திக்கு, வணக்கம்.

கடல் கடந்தும் கனல் குறையாத உன் மடல் கண்டேன். கண்டதும் கலங்கினேன், கலங்கியதும் தெளிந்தேன், தெளிந்ததும் எழுதுகிறேன். இந்த வரியை நம் சங்கத்து இளையபெருமாளிடம் படித்துக் காட்டினேன். மேடையில் வைக்கலாம் என்றான்.

முதலில் ஊர்ச் செய்தி. பண்ணையார் தரப்பு, நாம் குடியிருக்கும் மனைகள் தம் களத்தைச் சேர்ந்தவை என்று ஆட்சேப மனு போட்டிருக்கிறது. முள்வேலி கட்ட ஆள் வந்தார்கள், தெருவே திரண்டு நின்றதும் போய்விட்டார்கள். சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அளந்தால் பட்டா வரும். சட்டம் நம் பக்கம், சர்வேயர் எந்தப் பக்கம் என்பது தெரியவில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைவு. கடைமடையான நமக்கு ஒரு சொட்டும் எட்டவில்லை. நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது.

நீ கேட்ட சொல்லைப் பற்றி. பெண் தான் விரும்பிய இடத்தில் வாழ உரிமை பெற்றவள் என்று இருபது மேடைகளில் முழங்கியவன் நான். அப்படிப்பட்ட நான் உன்னை 'வா' என்று கட்டளையிட்டால் கொள்கை என்ன ஆவது? துறைமுகத்தில் நான் சொன்னதும் அந்தப் பொருளில்தான். அவசரத்தில் தொனி சற்று மாறியிருக்கலாம்.

கயல்விழி நலம்.

இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது. கருத்துக்கு நான் பொறுப்பல்ல.

"செவந்தி, பதினெட்டு வருது. நீ எங்க இருந்தாலும் அன்னிக்கு ஆத்தங்கரைக்குப் போயிடு. காதோல கருகமணி, பூ, வெத்தல, அரிசி வெல்லம் எல்லாம் எலையில வச்சு விடு. ஆத்தாளுக்கு மசக்க, அவ வாய்க்குப் புளிஞ்சோறும் எலுமிச்சஞ்சோறும் கிண்டிக் காட்டாம நீ ஒரு வாய் தொடக்கூடாது. புதுக்கயிறு கட்டிக்கிட்டு அப்பறமா பழச ஆத்துல விடு. இந்த வீட்டு மருமவ ஒருத்தியும் பெருக்குத் தப்பவிட்டதில்ல. அந்த ஊருல ஆறு இருக்கான்னு உங்கப்பாவக் கேளு. இல்லன்னா அது என்ன ஊரு, எதுக்கு அங்க இருக்கணும்?"

இதை எழுத என் கை கூசுகிறது. நம் திருமணத்தில் நாம் மாலை மட்டும்தான் மாற்றிக்கொண்டோம். மறுநாள் அம்மா, பக்கத்து வீட்டு அம்சத்தைக் கூப்பிட்டு அடுக்களையில் வைத்து உன் கழுத்தில் கட்டவைத்த அந்தக் கயிற்றை நான் பார்த்ததாக இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அதே பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம். தலைமை நான்.

என்றும் இயக்கப் பணியில்,
துரைராசு


சிங்கப்பூர்
6.8.73

அன்புள்ள உங்களுக்கு,

இதுவும் தாமதம்தான். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்க்க, இரண்டாம் தடவை கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று, மூன்றாம் தடவை மசி ஊறி அடுத்த பக்கத்தில் தெரிகிறதா என்று. இல்லை. 'கயல்விழி நலம்' என்று ஒரு வரி. தண்ணீருக்கு நான்கு வரி, சர்வேயருக்கு மூன்று வரி, பிள்ளைக்கு ஒன்று. என் கடிதத்தை இளையபெருமாள் அண்ணன் படிக்கக் கூடாது. நீங்கள் எழுதுவதை வேண்டுமானால் ஊரே படிக்கட்டும்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊரே வயிற்றில் அடித்துக்கொள்ளும்போது, இங்கே நான் ஒருத்தி மட்டும் பிள்ளை விழ வழியில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். இதையும் யாரிடமும் படித்துக் காட்ட வேண்டாம்.

இனி, பதினெட்டு அன்று நடந்தது. அத்தைக்கு வாசிக்கும்போது நிதானமாக, கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

அப்பா அன்று காலை, "ஊரச் சுத்திக் காட்டுறேன் தாயி, பாத்தா ஒனக்கே பிடிச்சுப் போயிரும்" என்று கிளம்பினார். அவருடைய நோக்கம் அது. என் நோக்கம் ஆறு. மூன்று அடுக்குத் தூக்குச் சட்டியில் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம். பையில் பூ, வாழையிலை, சிராங்கூன் ரோட்டில் வாங்கிய கருகமணியும் புதுக்கயிறும். ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லாம் கழுத்தில் காமிரா மாட்டியிருந்தார்கள். நாங்கள் மட்டும் வயலுக்குச் சோறு கொண்டுபோகிறவர்கள் மாதிரி நடந்தோம்.

முதலில் பாடாங் என்ற புல்வெளி. நகரத்து நடுவில், கடலுக்குப் பக்கத்தில், ஒரே மட்டமாகக் கிடக்கிறது. "எத்தனை மா இருக்கும் அப்பா?" என்றேன். "இருக்கும் ஒரு முப்பது." "என்ன போடுறாங்க?" "ஒண்ணும் போடல. பந்து விளையாடுறாங்க." நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே நின்று உச்சவரம்புச் சட்டம் கேட்டிருப்பீர்கள். அப்பா இந்த ஊரில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறார், அவரே இதையெல்லாம் அன்றுதான் பார்க்கிறார் என்பது போகப் போகத் தெரிந்தது. ஒரு கட்டடத்தைக் காட்டிக் கோர்ட்டு என்றார், திரும்பி வரும்போது அதையே தபால் ஆபீஸ் என்றார்.

அடுத்து ஒரு பெரிய கடை. அங்கே படிக்கட்டு தானாக மேலே போகிறது. நான் ஏறவில்லை. கயல் மட்டும் வந்திருந்தால் பாவாடை மாட்டியிருக்கும், விரல் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே முதல் படிக்கு முன்னாலேயே நின்றதில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். "ஏறு தாயி, அது ஒன்ன ஒண்ணும் பண்ணாது" என்று அப்பா மேலே போய்க்கொண்டே சொன்னார். கம்போடு மேலே போய்ச் சேர்ந்தவர் இறங்கும் வழி தெரியாமல் அரை மணி நேரம் கழித்து வேறு வாசல் வழியாக வந்தார்.

பிறகு ஆற்று முகத்தில் புதிதாக வைத்திருக்கும் சிலை. தலை சிங்கம், உடம்பு மீன். வாயிலிருந்து தண்ணீர் விடாமல் கொட்டுகிறது. மேட்டூரில் இல்லாத தண்ணீர் ஒரு சிங்கத்தின் வாயில் இருக்கிறது. பார்த்த இடத்திலேயே கயலுக்குக் காட்ட முடியவில்லையே என்று அழுகை வந்துவிட்டது. தூசி என்றேன். "இந்த ஊர்ல தூசியே கெடையாது" என்றார் அப்பா.

அப்போது மணி இரண்டு. அப்பாவுக்குப் பசி. "ஒரு வாய் புளிச்சோறு குடு, ஆத்துக்கு மிச்சம் இருக்கும்" என்றார். தரவில்லை. தொண்டு கிழவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆறு கிடைத்தது. நம் ஆற்றில் தண்ணீர் இல்லை, இதில் தண்ணீர் தவிர எல்லாம் இருந்தது. சாக்கு, எண்ணெய், அழுகிய கோசு, வரிசையாகச் சரக்குப் படகுகள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கையும் முடிந்த வரை மூடிக்கொண்டு, படித்துறையில் இலையை விரித்தேன். பூ, வெற்றிலை, அரிசி வெல்லம், கருகமணி, நடுவில் புதுக்கயிறு. கும்பிட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பின்னால் விசில் ஊதினார்கள். பயத்தில் இலையைத் தள்ளிவிட்டேன். புதுக்கயிறோடு போய்விட்டது. பழையது கழுத்திலேயே.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீன அதிகாரி. கையில் நோட்டு. ஆற்றில் குப்பை போட்டால் ஐந்நூறு வெள்ளி அபராதம் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்கத்தான் தோன்றியது. இது குப்பையில்லை, காணிக்கை, இன்று ஆறு கர்ப்பமாக இருப்பதாக எங்கள் ஊரில் நம்பிக்கை, ஆசைப்பட்டதைக் கொடுக்க வேண்டும் என்று நானும் இங்கிலீஷில் விளக்கினேன். சரித்திரத்தில் முதல் வகுப்பு வாங்கியவள்தான். ஆனால் பதற்றத்தில் வினைச்சொல் எல்லாம் ஓடிவிட்டது. அவர் காதில் கர்ப்பம் மட்டும் விழுந்தது. சட்டென்று முகம் மாறி, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு என்னை உட்காரச் சொன்னார். எத்தனை மாதம் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பசியில் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தார். மூன்று விரலைக் காட்டினார்.

நான் மறுக்கவில்லை. ஐந்நூறு வெள்ளி.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. படகுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கழியால் இலையை இழுத்து வரச்செய்து, என் கையிலேயே கொடுத்து, குப்பைத் தொட்டியில் போடச் சொன்னார். காவேரி தன்னிடம் விட்டதை இதுவரை யாருக்காவது திருப்பிக் கொடுத்திருக்கிறாளா? எனக்குக் கொடுத்துவிட்டார்கள். கயிறு கறுப்பாக, டீசல் நாற்றத்தோடு வந்தது. அதையும் தொட்டியில் போட்டேன். அப்பா நன்றிக்கு அவருக்குப் புளிச்சாதம் கொடுத்தார். ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம். ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டார்.

ஆறு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது நல்லதா கெட்டதா என்று அத்தையைக் கேட்டு எழுதுங்கள். உங்கள் கருத்து வேண்டாம், அது எனக்குத் தெரியும். எனக்கு இருக்க இடம் அங்கேயா இங்கேயா என்பதே தெரியாதபோது, எதை நம்பிப் புதுக்கயிறு கட்டுவது என்று ஆற்றுக்கே தோன்றியிருக்குமோ?

கப்பல் 29-ம் தேதி. 24-க்குள் இடம் போட வேண்டும். பள்ளிக்கூடத்திலும் 24-க்குள் பதில் கேட்கிறார்கள். பெண்ணுரிமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

செவ்வந்தி


கீழ்வேளூர் அஞ்சல்
13.8.73

செவ்வந்தி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அதனால் எதுகை மோனை இருக்காது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நிதானமாகத்தான் வாசித்தேன். நாற்காலி வரைக்கும்தான் கேட்டாள். எழுந்து அம்சம் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மீதியை வாசிப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்று விரல் கதையை நான் வீடு வீடாகப் போய் மறுத்தேன். "இதுல என்ன கொள்கை இருக்கு, வெக்கப்படாத தம்பி" என்கிறார்கள். இதுவரை இரண்டு வீட்டிலிருந்து மாவடு வந்திருக்கிறது. நானே தின்கிறேன்.

இங்கே பதினெட்டு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ஆற்றில் மணல்தான். பெண்கள் படுகையில் ஊற்றுத் தோண்டி, கசிந்த தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு வைத்துக் கும்பிட்டார்கள். கரையில் நாங்கள் மேடை போட்டு, மைக் கட்டி, மூடநம்பிக்கை ஒழிப்புக்குத் தயாராக இருந்தோம். கயலுக்குப் பக்கத்து வீட்டில் யாரோ சப்பரம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு சக்கரமும் நுணாக்காய், மேலே அட்டைக் கோபுரம். எல்லாப் பிள்ளைகளும் அவரவர் சப்பரத்தை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். மற்ற பிள்ளைகள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. இது மேடைக்கு வந்து என் வேட்டியைப் பிடித்தது. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். "வா" என்றது. பேசினேன். "வா" என்றது மறுபடியும், மைக்கில் விழும்படி. கூட்டம் சிரித்தது.

இறங்கிப் போனேன். சங்கத் தலைவர் சப்பரம் இழுத்ததை ஊரே பார்த்தது. இளையபெருமாள் கரையில் நின்று, "என்ன தலைவரே, ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்கியாச்சா?" என்றான். "குழந்தைகள் உரிமை" என்று சொல்லிவிட்டு இழுத்தேன். மணலில் சக்கரம் ஓடவில்லை. கடைசியில் சப்பரத்தையும் தூக்கிக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். அட்டைக் கோபுரத்தை நெருங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் சிவப்பு மை. பின்பக்கம் 'மாட்டோம்' என்று இருந்தது. வீட்டில் மூலையில் வைத்திருந்த என் அட்டையை வெட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து கயலும் குளிக்கக் கூப்பிட்டால் "மாத்தோம்" என்கிறாள். தலைமுறை தலைமுறையாகப் போராட்டம் தொடர்கிறது.

உன்னைத் தேடுகிறாளா என்று கேட்டிருந்தாய். எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை. உன் நீலப் புடவை கொடியில் காய்கிறது. ஒரு மாதமாகக் காய்கிறது. மடித்து வைத்தால் அழுகை, அதைத்தான் அம்மா என்று காட்டுகிறாள். பிள்ளை அழுவதால்தான் கொடியில் கிடக்கிறது என்று வீட்டுக்குத் துணி விற்க வந்த கூத்தாநல்லூர் ஜவுளிக்காரரிடம் நான் சொன்னேன். "புள்ள தூங்குன பொறவும் போய்ப் போய்ப் பாக்குறது யாரு?" என்றாள் அம்மா. வெளியாள் முன்னால் பேசுகிற பேச்சா அது?

போன வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். சங்கிலி போட்டு அளந்தார், முறையாகவே அளந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று நோட்டை விரித்தார். "மூணு" என்றாள் அம்மா. "நாலு" என்றேன் நான். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலாவது ஆள் எங்கே?" என்றார். கொடியைக் காட்டினேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் நான்கு என்றுதான் எழுதிக்கொண்டார். அரசாங்க நோட்டில் ஏறியதை நான் பொய்யாக்க முடியாது.

நேற்றைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நீ பயப்படுவாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாய்க்கால் பக்கம் போகும்போது என் துண்டின் ஒரு முனையைக் கயலின் இடுப்பிலும் மறுமுனையை என் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்கிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆறு வேண்டாம் என்றதற்கு என்ன பொருள் என்று அம்மாவைக் கேட்டேன். "அது அந்த ஊரு ஆறு, அதுக்கு நம்ம வீட்டுக் கயிறு எதுக்கு? கழுத்துல கெடக்குற பழசக் கொண்டாந்து நம்ம ஆத்துல விடச் சொல்லு" என்றாள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்த உறைக்குள் ஒரு புதுக்கயிறு இருக்கும். மஞ்சள் கடிதத்தில் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் படி. அம்மா தேய்த்த மஞ்சள், ஆனால் வாங்கியது நான். கீழ்வேளூர்க் கடைத்தெருவில் பட்டப்பகலில், தெரிந்தவன் கடையில் வாங்கினேன். அங்கே எந்த ஆற்றங்கரையிலும் இதை நீயாகக் கட்டிக்கொள்ளாதே, வேறு யாரையும் கட்டச் சொல்லாதே. போன தடவைபோல் அம்சத்தைக் கூப்பிடப் போவதில்லை.

கொண்டு வா.

துரைராசு


சிங்கப்பூர்
21.8.73

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இன்று எழுதுகிறேன். தாமதமில்லாத என் முதல் கடிதம் இது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வார்த்தை இருக்கிறது. முன்னால் இன்னொரு வார்த்தையை ஒட்டிக்கொண்டு, கயிற்றைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டேன். அப்பா கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "கால் சரியாயிருச்சு தாயி, இனிமே அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடக்க வேண்டாம்" என்றார். பொங்கலுக்கு அவரும் வருகிறார். சர்வேயரிடம் ஐந்து என்று திருத்தச் சொல்ல வேண்டாம், வந்து போகிறவர்தான்.

29-ம் தேதிக் கப்பலில் இடம் போட்டாயிற்று. கப்பல் கம்பெனியில் என் வயிற்றைப் பார்த்து யாரும் நாற்காலி போடவில்லை, இதைத் தெருவில் சொல்லிவிடுங்கள். மாவடுவை மிச்சம் வையுங்கள்.

துண்டு முடிச்சு இறுக்கமாக இருந்தால் கயலுக்கு இடுப்பில் தடம் விழும், தளர்ந்தால் நழுவும். இரண்டு விரல் போகிற அளவு இருக்கட்டும். புடவையை நான் வரும்வரை மடிக்க வேண்டாம்.

துறைமுகத்துக்குச் சங்கு ஊதுவதற்கு முன்பே வாருங்கள். அந்த அட்டையில் மிச்சம் இருக்கும் துண்டைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இந்த முறை யாராவது கேட்டால், தெரிந்தவர்தான் என்று சொல்லுகிறேன்.

செவ்வந்தி